ஹோடோரை யாரும் கேட்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரை இன்னும் பார்க்காமல் வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறாவது சீசனின் ஐந்தாவது எபிசோடைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், நடுநடுவே அதைத் தாண்டியும் சிலதைப் போட்டு உடைப்பேன்.

என் தம்பி இந்தத் தொடரைப் பார்க்கவே மாட்டேன் என்று வருடக்கணக்கில் அடம்பிடித்தவன். "முடிவு சொதப்பல்னு உலகமே சொல்லுது. எட்டு சீசன் உட்கார்ந்து பார்த்துட்டு நானும் சேர்ந்து திட்டணுமா?" என்பான். கால் எலும்பு விரிசல் விட்டு ஆறு வாரம் படுக்கையில் கிடக்க நேர்ந்ததும் வேறு வழியில்லாமல் ஆரம்பித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு இது இரண்டாவது சுற்று. அவன் திரையைப் பார்ப்பான், நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு அதைவிடப் பெரிய சுகம் இருக்கிறதா என்ன?

இரண்டாவது சீசன் முடிவதற்குள் அவனுக்கு ஹோடோர் பைத்தியம் பிடித்துவிட்டது. நடக்க முடியாத பிரான் ஸ்டார்க் என்ற சிறுவனைச் சுமந்து திரியும் பெரிய உடம்புக்காரன் ஹோடோர். வாயில் 'ஹோடோர்' தவிர வேறு சொல்லே வராது. அம்மா "மாத்திரை போட்டியாடா?" என்று கேட்டால் "ஹோடோர்." "ஃபேனைக் குறைக்கவா?" என்றால் "ஹோடோர்?" கால் வலித்தால் "ஹோடோ...ர்." அம்மா முதலில் எரிச்சல்பட்டார், பிறகு பழகிப்போனார். ஒரு நாள் காலையில் அவரே என்னிடம் "ஹோடோர் எழுந்தாச்சா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெட்டுவிடும். "அக்கா, இவன் ஏன் எப்பப் பார்த்தாலும் இதையே சொல்றான்? காரணம் ஏதாவது வருமா?" என்று அவன் இரண்டு முறை கேட்டான். "அவன் அப்படித்தான்டா, பிறவியிலேயே" என்று சொல்லிவைத்தேன். அதைச் சொல்லும்போது எனக்கே தொண்டையில் ஏதோ அடைத்தது.

2016 மே 22 அன்று இந்த எபிசோடு வெளியானபோது நான் விடுதியில் இருந்தேன். ஒரு மடிக்கணினி, அதைச் சுற்றி ஆறு பேர். நாங்களும் அப்போது ஹோடோர் மாதிரி பேசிக்கொண்டு திரிந்த கூட்டம்தான். முடிந்ததும் யாரும் பேசவில்லை. ஒருத்தி எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தப் போனாள், பாதியில் கையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சரி, எபிசோடுக்கு வருகிறேன். பெயரே 'கதவு'. தம்பி அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆர்யா இருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கோயில் கதவாயிருக்கும் என்று நினைத்தானாம்.

பிரானின் அக்கா சான்சா, சூழ்ச்சிக்காரன் லிட்டில்ஃபிங்கரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் காட்சியை மட்டும் நான் மறந்தே போயிருந்தேன். கொடூரன் ராம்ஸியிடம் தன்னை விட்டுவிட்டுப் போன மனிதனிடம், 'அவன் எனக்கு என்ன செய்திருப்பான் என்று நீயே சொல்லு பார்க்கலாம்' என்று கேட்கிறாள். தானாகச் சொல்லவில்லை, அவன் வாயால் வரவைக்கப் பார்க்கிறாள். ஊரையே பேச்சால் விற்று வாங்கும் அந்த ஆளுக்கு வார்த்தை வரவில்லை. சோஃபி டர்னர் குரலை உயர்த்தவே இல்லை. முதல் முறை பார்த்தபோது ஹோடோர் துக்கத்தில் இந்தக் காட்சியை நான் சரியாகப் பார்க்காமலேயே விட்டிருக்கிறேன்.

இரும்புத் தீவுகளில் அரசனைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அண்ணனைக் கொன்றது நான்தான் என்று யூரோன் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறான், கூட்டம் அவனுக்கே மகுடம் சூட்டுகிறது. செத்த அண்ணனின் பிள்ளைகள் யாராவும் தியோனும் இருக்கிற நல்ல கப்பல்களை ஓட்டிக்கொண்டு தப்பியதும், ஆயிரம் கப்பல் கட்டுங்கள் என்கிறான். "பாறையா இருக்கே, மரத்துக்கு எங்கே போவான்?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. மீரீனில் அந்தச் சிவப்புப் பூசாரிப் பெண் கின்வாரா வேரிஸை வெலவெலக்க வைக்கிறாள். அது நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்கெல்லாம் இங்கே இடமில்லை.

இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இந்த எபிசோடில் மரத்தடியில் ஒருவனைக் கட்டிவைத்திருக்கும் காட்சி வருகிறது. மனிதர்களோடு போரில் தோற்றுக்கொண்டிருந்த காட்டுக் குழந்தைகள் என்ற ஆதி இனத்தவர், அவன் நெஞ்சில் டிராகன் கண்ணாடிக் கத்தியை மெல்ல மெல்ல இறக்குகிறார்கள். அவன் கண் நீலமாகிறது. பிணப்படையை நடத்தும் நைட் கிங் பிறந்த கதை அதுதான். ஏன் செய்தீர்கள் என்று பிரான் கேட்டால், எங்களை அழித்துக்கொண்டிருந்தார்கள், தற்காத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்கிறாள் அவர்களில் ஒருத்தியான லீஃப். அவளை என்னால் வெறுக்க முடியவில்லை. ஆனால் அந்த மனிதன் யார், அவன் பெயர் என்ன, வாளை எடுத்தவனா, சும்மா நின்றவனா? தெரியாது. தங்கள் போருக்கு ஓர் ஆயுதம் வேண்டும், ஓர் ஆள் கிடைத்தான், அவ்வளவுதான்.

இதே எபிசோடு ஒரு மரத்தடிக் குகையில் இன்னொருவனோடு முடிகிறது. அவனும் கிடைத்த ஆள்தான்.

2016இல் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நைட் கிங் வில்லன், ஹோடோர் தியாகி என்று தனித்தனிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். ஒருவனுக்கு நெஞ்சில் கத்தி, இன்னொருவனுக்கு மூளையில் ஒரு வாக்கியம். இரண்டு பேரையும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நினைத்துப் பாருங்கள். பிறர் மனதுக்குள் புகுந்து ஆட்டிவைக்கும் சக்தி பிரானுக்கு உண்டு. மூன்றாவது சீசனில், இடி இடித்ததும் ஹோடோர் பயந்து கத்துகிறான். கீழே எதிரிகள். அவனை அடக்க வழி தெரியாமல் பிரான் அவனுக்குள்ளேயே புகுந்து சாய்த்துவிடுகிறான். சரி, உயிர் போகிற நேரம், தெரியாமல் செய்தது. நான்காவது சீசனில் கிராஸ்டரின் குடிசைக்கு வெளியே, தெரிந்தே புகுந்து, தன்னைக் கடத்த வந்த லாக்கை அவன் கையாலேயே கொல்லவைக்கிறான். வெளியே வந்த பிறகு ஹோடோர் தன் கையில் இருக்கும் ரத்தத்தைக் குழம்பிப்போய்ப் பார்ப்பான். தம்பி அந்த இடத்தில் "சூப்பர்டா ஹோடோர்!" என்று கைதட்டினான். நானும் அன்று தட்டியிருப்பேன். ஐந்தாவது சீசன் முழுக்க இருவரும் திரையிலேயே இல்லை. ஆறாவதில் வந்தவுடன் மூன்றாவது முறை, கடைசி முறை.

அதற்கு மூன்று எபிசோடுக்கு முன்னால், கடந்த காலத்தைக் காட்டும் ஒரு மாயக் காட்சியில், பழைய வின்டர்ஃபெல் கோட்டை முற்றத்தில் பிரான் சிறுவன் ஹோடோரைப் பார்க்கிறான். பெயர் வைலிஸ். நன்றாகப் பேசுகிறான். இவ்வளவு பெரிய உடம்பு, சண்டை கற்றுக்கொண்டால் யாராலும் தடுக்க முடியாது என்கிறான் பிரானின் அப்பா நெட் ஸ்டார்க், அப்போது அவனும் சிறுவன். கற்றுக்கொள்ள மாட்டான், அவன் குதிரை லாயத்துப் பையன் என்று ஓல்ட் நேன் என்ற கிழவி அவனை இழுத்துக்கொண்டு போகிறாள். அப்போது சிரிப்பாக இருந்த வசனம் இது. குதிரை லாயத்துப் பையனுக்குச் சண்டை ஆகாதாம். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று பிய்த்துத் தின்னப்படுவதற்கு ஆகலாம்.

கடைசிப் பத்து நிமிடம். குகையில் பிரானுக்குப் பழைய காலத்தைக் காட்டிவரும் பெரியவர், மூன்று கண் காகம், உறங்கும் நேரம் பார்த்துப் பிரான் தனியாக ஒரு மாயக் காட்சிக்குள் போய், நைட் கிங்கின் கையில் பிடிபட்டு, தழும்போடு வருகிறான். அந்தத் தழும்புதான் குகையின் காவலை உடைக்கிறது. ஆக, இத்தனைக்கும் தொடக்கம் ஒரு பையனின் அவசரம். பிணப்படை உள்ளே வரும்போது பிரான் இன்னும் பழைய காலத்துக்குள்ளேயே இருக்கிறான், மூன்று கண் காகம் அவனை அதே வின்டர்ஃபெல் முற்றத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஆயிரம் நாட்கள் இருக்கையில் வைலிஸ் நிற்கும் அந்த ஒரு நாளை ஏன் தேர்ந்தெடுத்தார் அந்தக் கிழவர்? முதல் முறை எனக்கு இந்தச் சந்தேகமே வரவில்லை. இப்போது வந்ததிலிருந்து போகவே மாட்டேன் என்கிறது.

கூட வந்த தோழி மீரா கத்துகிறாள், ஹோடோருக்குள் போ என்று. பிரான் போகிறான், நிகழ்காலத்து ஹோடோருக்குள், கடந்த காலத்து வைலிஸ் வழியாக. பிரானின் ஓநாய் சம்மர் சாகிறது. லீஃப் சாகிறாள். பின்வாசலைத் தாண்டியதும் மீரா திரும்பி, கதவைப் பிடி, கதவைப் பிடி என்று கூவிக்கொண்டே பனிக்குள் பிரானை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். அங்கே முற்றத்தில் வைலிஸ் சரிந்து விழுந்து அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஹோல்ட் த டோர், ஹோல் த டோர், ஹோல்டோர்...

தம்பிக்கு நாலாவது தடவையிலேயே பிடிபட்டுவிட்டது. "இல்ல" என்றான். பிறகு, "இல்லக்கா, இல்ல." கட்டுப் போட்ட காலை மறந்து எழுந்திருக்கப் பார்த்தான்.

இயக்குநர் ஜாக் பெண்டர் இதை எடுத்த விதம் பற்றி ஒரு வார்த்தை. பிணங்களின் கைகள் கதவைத் துளைத்துக்கொண்டு ஹோடோரின் முகத்தைப் பிய்க்கின்றன, அதை அதிக நேரம் காட்டுவதில்லை. வெட்டி வெட்டி அந்தப் பையனிடமே போகிறார். சாவை விட, அந்தச் சாவு முப்பது நாற்பது வருடம் முன்னால் ஒரு பையன் தலையில் வந்து விழுவதுதான் கொடூரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிறிஸ்டியன் நாய்ர்ன் என்ற நடிகரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பயம், ஆசை, கேலி, அடம் எல்லாவற்றையும் பேசிக்காட்டிய மனிதர். கடைசியில் அந்தச் சொல்லையும் பையனிடம் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் நின்று சாகிறார். எபிசோடு வந்த கொஞ்ச நாளில் ஹோடோர் உருவத்தில் கதவு முட்டு செய்து விற்றார்கள் சிலர். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, சொன்னால் கெட்ட வார்த்தைதான் வரும்.

இந்தத் திருப்பம் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொடரை எழுதியவர்களிடம் சொன்னது. ஆங்கிலத்தை நம்பிய சொல் விளையாட்டு என்பதால், அந்த வாரம் மற்ற மொழிக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நானும் தம்பியும் அன்றிரவு தூக்கம் வராமல் தமிழில் முயன்று பார்த்தோம். 'கதவைப் பிடி' எப்படிச் சிதைந்தாலும் 'கதப்டி' ஆகுமே தவிர ஹோடோர் ஆகாது. 'கதவை அடை'யும் உதவவில்லை. கடைசியில் தம்பிதான் சொன்னான்: "மீரா கதவைப் பத்திப் பேசாம, 'நாங்க ஓடுறோம், ஓடுறோம்'னு கத்தினா?" ஓடுறோம், ஓட்றோம், ஓடோர். கிட்டத்தட்ட வந்துவிட்டது! அதோடு மூலத்தைவிட நேர்மையாகவும் இருக்கிறது. அந்தக் கதவடியில் உண்மையில் நடந்தது அதுதானே. அவர்கள் ஓடினார்கள்.

நான் இன்னொரு படி போனேன். 'ஹ'வை விட்டுவிட்டு, கடைசி எழுத்தைக் கொஞ்சம் வாய் அகலச் சொன்னால் 'ஓடார்'. அஞ்சார், பணியார் என்பது போல. ஓட மாட்டார் என்று பொருள். முதல் சீசனிலிருந்தே அவர் தன் பெயரை நமக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் என்றேன். தம்பி சிரிப்பான் என்று நினைத்தேன்.

"ஆனா அது அவர் முடிவா இருந்தாத்தானேக்கா அந்தப் பேர் பொருந்தும்?" என்றான்.

பதில் இல்லை என்னிடம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது ஹோடோரா, அவனுக்குள் இருந்த பிரானா என்று ரசிகர்கள் நடத்திய சண்டைகளில் நான் எப்போதும் ஹோடோர் பக்கம். கடைசி நொடியிலாவது அவன் தானாக நின்றான் என்று நம்பத்தான் எனக்கு ஆசை. காட்சியில் அதற்குச் சாட்சி இருக்கிறதா என்று கேட்டால், நாங்கள் மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்றும் அன்று கவனித்தோம். இதே எபிசோடில் டெனேரிஸ் ஜோராவுக்கு ஒரு கட்டளை போடுகிறாள், உன் நோய்க்கு மருந்தைக் கண்டுபிடி, குணமாகி என்னிடம் திரும்பி வா என்று. அவளும் கட்டளைதான் போடுகிறாள், மீராவும் கட்டளைதான் போடுகிறாள். ஒரு கட்டளை ஒருவனை வாழச்சொல்கிறது. ராணியைக் காதலிக்கும் பிரபுவுக்கு அது கிடைக்கிறது, லாயத்துப் பையனுக்குக் கதவு கிடைக்கிறது.

மறுநாள் காலை அம்மா மாத்திரையோடு வந்து, "என்ன, ஹோடோர் போட்டாச்சா?" என்று கேட்டார். தம்பி "அம்மா, அப்படிக் கூப்பிடாதீங்க" என்றான். அம்மா என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். இதை எப்படி அவருக்கு விளக்குவது?

அடுத்த எபிசோடுக்கு அவன் மூன்று நாள் கழித்துத்தான் வந்தான். ஆரம்பிக்கும் முன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி: "பிரான் இதுக்கு அப்புறம் எப்பவாவது ஹோடோருக்காக வருத்தப்படுவானா?"

எனக்கு ஏழாவது சீசன் நினைவுக்கு வந்தது. மீரா விடைபெற வருகிறாள். என் தம்பி உனக்காகச் செத்தான், ஹோடோர் செத்தான், சம்மர் செத்தது என்று அவன் முன்னால் நின்று எண்ணிக் காட்டுகிறாள். பிரான் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

"பார்க்கலாம், போடு" என்றேன்.