டைம்டேபிள்ல இருக்கற நேரமும் புள்ளைங்க கைக்கு வர்ற நேரமும்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு செமஸ்டர் பூரா டைரியில எழுதி வச்சேன், எத்தனை ஹவர் நிஜமாவே என் தமிழ் கிளாஸ் நடந்துச்சுன்னு. வாரத்துக்கு 4 ஹவர், 15 வாரம், பேப்பர்ல பாத்தா 60. நான் போர்டு முன்னாடி நின்னு புள்ளைங்க எதிர்ல உக்காந்திருந்தது 41. ஓணம் லீவு, யூனியன் எலக்சன், மழைக்கு கலெக்டர் விட்ட லீவு, ஆர்ட்ஸ் டே ரிகர்சல், இன்டர்னல் பரீட்சை, எல்லாம் போக மிச்சம் அதுதான். அந்த 41லயும் பாதி கிளாஸ் கொறஞ்சது பத்து நிமிசம் தேஞ்சுதான் ஆரம்பிச்சுது.

நான் பாலக்காடு மாவட்டத்துல ஒரு காலேஜ்ல தமிழ் எடுக்கறேன், கெஸ்ட் லெக்சரரா. வீடு வேலந்தாவளம் பக்கம், செக்போஸ்ட் தாண்டுனா கோயமுத்தூர் ஜில்லா. எங்க சித்தூர் தாலுகாவுல கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரபதின்னு வீட்ல தமிழ் பேசற ஊருக நெறைய, தமிழ் மீடியம் ஸ்கூலும் இருக்கு. ஆனா தென்னந்தோப்பு வேலைக்கும் கள்ளு எறக்கவும் போற வீட்டு புள்ளைங்க நெறைய பேரு பக்கத்துல எது இருக்கோ அந்த ஸ்கூல்ல சேந்து மலையாளத்துல படிச்சு வருவாங்க, வாயில தமிழ் தண்ணி மாதிரி ஓடும், பேனாவ எடுத்தா கை நின்னுரும். இவங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்னு டைம்டேபிள் போடறப்ப யாரும் கேக்கறதில்ல.

எங்க அண்ணன் பொண்ணு செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் கோயமுத்தூர்ல பி.எஸ்சி. படிக்கறா. ஒரே வீட்ல இருந்து காலையில அவ கிழக்கால பஸ் ஏறுவா, நான் மேக்கால ஏறுவேன். அவங்களுக்கு டே ஆர்டர் கணக்கு, கெழமைக்கு பதிலா ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் நாள எண்ணறது, நாளைக்கு 5 ஹவர், மொத்தம் 30, அதுல மொழிப் பாடமான பார்ட் ஒன் தமிழுக்கே 6. எங்க பக்கம் அஞ்சு நாள், 5 ஹவர், மொத்தம் 25. ஒரு நாள் சாப்பிடறப்ப "அத்தை, உங்க புள்ளைங்களுக்கு தமிழ் வாரத்துக்கு நாலுதானுங்களா, எங்களுக்கே பாடம் முடியறதில்லயே"ன்னு கேட்டா. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல. வீட்டுலயும் தெருவுலயும் ஸ்கூல்லயும் தமிழோட வளந்த புள்ளைக்கு 6, எழுத்துக்கூட்டி படிக்கற புள்ளைக்கு 4. எனக்குத் தெரிஞ்ச நியாயப்படி இது தலைகீழா இருக்கணும்.

மத்த படிப்பு எல்லாம் எப்படின்னு தேடிப் பாக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். எம்.பி.பி.எஸ்.க்கு 2019 விதிமுறையில வருஷத்துக்கு கொறஞ்சது 240 கற்பிக்கும் நாள், நாளைக்கு 8 மணி நேரம், அதுல 1 மணி நேரம் சாப்பாட்டுக்குன்னு இருந்துச்சு. சட்டப் படிப்புக்கு பார் கவுன்சில் 2008ல போட்ட விதியில மூணு வருஷ எல்.எல்.பி.க்கு வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு கொறையக்கூடாது, அதுல 24 லெக்சராவே இருக்கணும். இங்கிலாந்துல இந்த வித்தியாசம் இன்னும் பெருசு, 2006ல இருந்து அங்க மாணவர்கிட்ட சர்வே எடுத்து எண்ணிப் பாக்கறாங்க, டாக்டருக்கு படிக்கறவங்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல, ஹிஸ்டரி பிலாசபி படிக்கறவங்களுக்கு 10க்கும் கீழ. அதுக்கு அவங்க சொல்ற காரணம், இலக்கியம் வரலாறு படிக்கறவன் லைப்ரரியில உக்காந்து தானா படிக்கணும், வாத்தியார் கூடவே நிக்க வேண்டியதில்லன்னு. பெரிய லைப்ரரி, ராத்திரி வரைக்கும் லைட்டு, பக்கத்துலயே ஹாஸ்டல், அஞ்சாறு பேரா உக்கார வச்சு பேசற டுடோரியல் எல்லாம் இருக்கற எடத்துல அந்த காரணம் நிக்கும். மூணரைக்கு பெல் அடிச்சதும் பஸ்ஸுக்கு ஓடி, வீட்டுக்குப் போயி மாட்டுக்கு தண்ணி காட்டி, தம்பிக்கு சோறு போடற புள்ளைக்கு "தானா படி"ன்னு சொன்னா, வெறும் நேரத்த குடுத்து அனுப்பறோம்னுதான் அர்த்தம், படிக்க எடமும் குடுக்கல பொஸ்தகமும் குடுக்கல.

சயின்ஸ் டிபார்ட்மென்ட்ட பாத்து எனக்கு பொறாமைன்னு நெனச்சிராதீங்க, அவங்களுக்கு அந்த நேரம் தேவைதான். கிரெடிட் கணக்குல லெக்சர்னா வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரு கிரெடிட், பிராக்டிகல்னா ரெண்டு மணி நேரம் ஒரு கிரெடிட். அதனால கெமிஸ்ட்ரி புள்ளை அதே கிரெடிட்டுக்கு ஜாஸ்தி நேரம் வாத்தியார் கண்ணு முன்னாடி நிக்கும். மதியத்துல அந்த லேப் பக்கமா போறப்பல்லாம் ஜன்னல் வழியா பாப்பேன், ஒரு புள்ளை பியூரெட்ட புடிச்சிட்டு நிக்கும், மிஸ் பக்கத்துல போயி கைய திருத்தி விட்டு "மெதுவா, மெதுவா"ம்பாங்க. அந்த மெதுவாங்கற ஒரு வார்த்தைய என் புள்ளைங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நின்னு சொல்லணும்னு எனக்கு ஆசை. எங்க கிளாஸ் கம்பைண்ட் கிளாஸ், பிசிக்ஸ், ஹிஸ்டரி, எகனாமிக்ஸ் எல்லாத்துல இருந்தும் தமிழ் எடுத்தவங்க ஒண்ணா வந்து உக்காருவாங்க, அறுபது பேருக்கு மேல. அஞ்சு வரி சங்கப் பாட்டு ஒண்ண சீர் பிரிச்சு சத்தமா படிக்கச் சொன்னா ஒரு ஹவர்ல ஏழெட்டு பேரு படிக்கலாம், அதுக்குள்ள பெல். மிச்சம் அம்பது பேரோட குரல நான் அந்த செமஸ்டர் பூரா கேக்காமலே போனதும் உண்டு, இத எழுதறப்பவே மனசு கனக்குது.

இன்னொண்ணு, எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரே நேரத்துல மலையாளம், ஹிந்தி, தமிழ்னு பிரிச்சு விடணுங்கறதால லாங்குவேஜ் ஹவர ஒரு ஓரத்துக்கு தள்ளுவாங்க, ஒண்ணு ஃபர்ஸ்ட் ஹவர், இல்ல கடைசி ஹவர். ஒன்பதரைக்கு கிளாஸ், கோபாலபுரம் பக்கத்துல இருந்து வர்ற பஸ் ஒன்பதே முக்காலுக்கு. கடைசி ஹவர்னா மூணு மணியில இருந்தே "மிஸ், பஸ் போயிருமுங்க"ன்னு பின்னாடி பெஞ்சுல இருந்து மெல்ல ஒரு குரல் வரும். அந்த பஸ்ஸ விட்டா அடுத்தது எப்பன்னு எனக்கும் தெரியும், நானும் அந்த ரூட்டுதான. போக விடுவேன். ஆப்சென்ட் போட்டா 75 சதவீதம் போயிருமேன்னு அட்டென்டன்ஸும் போடுவேன். ஆக ரெஜிஸ்டர்ல அந்த ஹவர் முழுசா இருக்கும்.

2024ல எங்க கேரளாவுல நாலு வருஷ டிகிரி வந்துச்சு. பழைய திட்டத்துல பி.ஏ., பி.எஸ்சி. புள்ளைங்களுக்கு ரெண்டாம் மொழி நாலு செமஸ்டர், நாலு பேப்பர், மொத்தம் 16 கிரெடிட். இப்ப ரெண்டு செமஸ்டர், மூணு மூணு ஆறு கிரெடிட். மேஜர், மைனர்னு விருப்பப்பட்டத எடுக்கலாங்கறது நல்ல விஷயம்தான், கணக்கு புள்ளை எகனாமிக்ஸும் சேத்து படிக்குது, அத நான் குறை சொல்லல. ஆனா முதல் ரெண்டு செமஸ்டர்ல தயக்கம் தீந்து, எழுத்து உருண்டு வர ஆரம்பிக்கற நேரத்துல தமிழ் முடிஞ்சுருது. முன்னாடியெல்லாம் மூணாவது செமஸ்டர்லதான் சில புள்ளைங்க மொதமொதல்ல கைய தூக்கி கேள்வி கேக்கும். இப்ப அந்த மூணாவது செமஸ்டரே எங்களுக்கு இல்ல.

இதுல எங்க வேலையும் மாட்டிக்கிச்சு. அசிஸ்டென்ட் ப்ரொஃபசருக்கு வாரத்துக்கு 16 ஹவர் நேரடி கிளாஸ்னு யு.ஜி.சி. 2018 விதியில இருக்கு. 16 ஹவருக்கு மேல 9 ஹவர் மிச்சம் இருந்தாலே இன்னொரு போஸ்ட்னு முன்னாடி இருந்தத 2020 ஏப்ரல்ல வந்த கேரள அரசு உத்தரவுல எடுத்துட்டாங்க, பி.ஜி. கிளாஸ் ஒரு ஹவர ஒன்றரை ஹவரா எண்ணற கணக்கும் போச்சு. எங்கள மாதிரி சின்ன டிபார்ட்மென்ட்ல ஒரு ஹவர் கொறைஞ்சா ஒரு வாத்தியாரே கொறையற மாதிரி. அதனால ஒவ்வொரு ஜூன்லயும் ஸ்டாஃப் ரூம்ல ஹவர் எண்ணறப்ப நாங்க எங்க வேலைக்காக எண்ணறோமா புள்ளைங்களுக்காக எண்ணறோமான்னு எனக்கே உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் வரும். ரெண்டுக்கும்தான், வேற வழியில்ல, வாத்தியார் இல்லாம அந்த ஹவர் யாருக்கு கெடைக்கும்.

போன வருஷத்துல இருந்து மூணரைக்கு அப்புறம், அடுத்த பஸ்ஸுக்கு காத்திருக்கறவங்களோட கேட்டுக்குப் பக்கத்துல புளியமரத்தடியில உக்காந்துக்கறேன். நாப்பது நிமிசம். டைம்டேபிள்ல இல்லாத நேரம், சம்பளக் கணக்குலயும் வராது. அஞ்சாறு பேரு வருவாங்க, ஒவ்வொருத்தரா படிப்பாங்க, தப்பு வந்தா நிறுத்தி மறுபடியும். ஹிஸ்டரி படிக்கற பொண்ணு ஒருத்தி ரெண்டு மாசமா வாயே தொறக்காம கேட்டுட்டே இருந்தா. ஒரு நாள் பையில இருந்து மடிச்ச காகிதத்த எடுத்தா, அவ பாட்டி சொல்லிக் குடுத்த நடவுப் பாட்டு, தன் கையால தமிழ்ல எழுதியிருக்கா, ற வர வேண்டிய எடத்துல எல்லாம் ர. "சத்தமா படி"ன்னேன். நாலாவது வரியில இருக்கறப்ப பஸ் வந்துருச்சு, மத்தவங்க எந்திரிச்சு ஓடுனாங்க, இவ எந்திரிக்கல, "முடிச்சுட்டு போறனுங்க மிஸ், அடுத்ததுல போயிக்கலாம்"னா.