மிக்சர் அவுட்புட்ல ஒரு கெப்பாசிட்டர்

பொள்ளாச்சியில மழ நின்ன ஒரு ராத்திரி, 7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவருக்கு எஸ்ஏ612ங்கிற மிக்சர் ஐசி (ரெண்டு அதிர்வெண்ணக் கலந்து வேற ஒன்னு குடுக்குற சிப்பு) போட்டனுங்க, ஆசிலேட்டர் ஓடுது, ஆன்டெனாவும் சரி, ஆனா ஸ்டேஷன் ஒன்னுகூட வர்ல. மீட்டர வெச்சுப் பாத்தா 4ம் பின்ல சைபர் வோல்ட். அங்கதானுங்க விசயமே. அந்த ஐசிக்குள்ள 4, 5 ரெண்டு அவுட்புட்டுக்கும் 1.5 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்னொன்னு சப்ளைக்குப் போகுது, உள்ள இருக்குற டிரான்சிஸ்டரோட கலெக்டர் முனைக்கு பயாஸ், அதாவது அது வேல செய்யத் தேவையான டிசி, அது வழியாத்தான், அதனால பின் எப்பவும் சப்ளைக்குச் சித்த கீழ நிக்கோணும். நான் 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் (மிக்சர்ல கலந்து வர்ற இடைநிலை அதிர்வெண்) காயிலோட ஒரு முனைய 4ம் பின்லயும், மறு முனைய நேரா கிரவுண்டுலயும் பத்த வெச்சுட்டேன், டிசி பூராவும் காயில் வழியா எறங்கிப் போயி, டிரான்சிஸ்டர் சாச்சுரேட் ஆகி (முழுசா தெறந்தே நின்னு) மிக்சிங்கே செத்துப் போச்சு.

பின்னுக்கும் காயிலுக்கும் நடுவுல, டிசிய தடுத்து சிக்னல மட்டும் விடற 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்னு போட்டதும் சத்தம் பொலபொலன்னு வந்துச்சு, அந்த சந்தோசம் இருக்கே! காயில் முனைய கிரவுண்டுக்குப் பதிலா சப்ளைக்குக் குடுத்து அங்க பைபாஸ் கெப்பாசிட்டர் (சிக்னல கிரவுண்டுக்கு எறக்குறது) போட்டாலும் சரிதான், எனக்கு அதுதான் புடிச்சிருக்கு, கலெக்டர் வோல்ட்டேஜுக்கு மேல கீழ ஆட எடம் ஜாஸ்தி. எம்சி1496ங்கிற இன்னொரு மிக்சர் ஐசி போடறவங்க மட்டும் பாத்துக்கோங்க, அதுக்குள்ள இந்த மாதிரி லோடு ரெசிஸ்டரே கெடையாது, அவுட்புட் பின் 6க்கும் 12க்கும் நாமதான் வெளியிருந்து குடுக்கோணும்.