அப்பச்சியின் உள்ளங்கால் மச்சம்

அப்பச்சியின், அதாவது என் தந்தையின், இடது உள்ளங்காலில் வெகுநாளாக இருக்கும் மச்சம், அண்மைக் காலமாக ஓரம் கலைந்து, ஒரு பக்கம் மட்டும் கருத்துப் படர்ந்து வருவது எனக்குப் பெருங்கவலையாக இருக்கிறது. காலில் மச்சம் உள்ளவர் கடல் கடப்பார் என்று ஆயா பெருமையாகச் சொல்வார்கள். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் நம் நிறத்தவர்க்கு அரிது என்றாலும், வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லி 1981இல் இறந்ததும் கால்விரல் நகத்தடியில் தொடங்கிய இந்நோயால்தான். மச்சம் 6 மில்லிமீட்டரைத் தாண்டுவதைவிட, அது மாறிக்கொண்டே இருப்பதுதான் முக்கியமான அறிகுறி என்றும், திசுப் பரிசோதனை செய்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்றும் காரைக்குடியில் தோல் மருத்துவர் கூறினார். முன்னோர்க்குப் படையலிட்டு வழிபடும் படைப்பு முடியட்டும் என்கிறார்கள் அப்பச்சி. அதுவரை பொறுக்க எனக்கு மனமில்லை. வியாழக்கிழமையே மதுரைக்கு அழைத்துச் செல்கிறேன்.