லெந்து நாட்களும் ஓட்டு நாளும்

மார்ச் 16, 2024, சனி

தேதி அறிவித்துவிட்டார்கள். நமக்கு முதல் கட்டம், ஏப்ரல் 19. அப்பா கேட்ட முதல் கேள்வி: "அன்னிக்கு நான் இருப்பேனா?" அம்மா அதட்டினாள்.

மார்ச் 17, ஞாயிறு

லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்து ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சபைக் கமிட்டி அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். "நம்மாளு ஒருத்தருக்கு சீட் கிடைக்கும்போல இருக்கும்மா. ஐயா ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்தத் தெருவே கேக்கும்." ஐயா என்றது அப்பாவை, நம்மாளு என்றது ஒரு கிறிஸ்தவரை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரின் வாய்க்கு இன்னும் இவ்வளவு மதிப்பா என்று முதலில் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சேருவதற்குள் எரிச்சலாகிவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 21, வியாழன்

பி.எல்.ஓ. அம்மா, வாக்குச்சாவடி நிலை அலுவலர், 12டி படிவத்தோடு வந்தார். 85 வயது ஆனவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். போன தேர்தல் வரை 80 என்று இருந்தது, இந்த மாதம்தான் ஏற்றியிருக்கிறார்கள். அம்மாவுக்கு 81. "நான் எண்பதைத் தொட்டதும் எண்பத்தஞ்சாக்கிட்டாங்க பாரு" என்று அந்தப் பெண்ணிடமே புகார் சொன்னாள். அப்பா கையெழுத்துப் போட நேரம் பிடித்தது. கட்டத்துக்கு வெளியே போனாலும் பரவாயில்லை என்றார் அவர். அப்பா விடவில்லை, உள்ளேதான் போட்டார்.

மார்ச் 24

குருத்தோலைப் பவனிக்குள் பிரசார ஆட்டோ நுழைந்துவிட்டது. ஓசன்னாவும் கட்சிப் பாட்டும் ஒரே சுருதியில்.

மார்ச் 27, புதன், இரவு

இன்றோடு வேட்புமனு முடிந்தது. பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத் தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அப்பா இருமுவதும் அடங்குவதுமாக இருக்க, நான் போனில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். படிவம் 26. நிலுவையில் உள்ள வழக்குகள், தண்டனை உண்டா, சொத்து, மனைவி பேரில் சொத்து, கடன், அரசுக்குக் கட்டவேண்டிய பாக்கி, படிப்பு. ஸ்கேன் சாய்ந்திருக்கிறது, முத்திரை எழுத்தை மறைக்கிறது. ஆனால் எல்லாம் இருக்கிறது. முன்பு நின்றவர்களுக்குப் பழைய பத்திரமும் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொத்துப் பத்தியை மட்டும் பார்த்தாலே தூக்கம் போய்விடும்.

நம்மாளுடையதையும் படித்தேன். வழக்கு இல்லை. அப்பாடா என்றிருந்தது. மற்றவர்களுடையதைத் திறக்கும்போது மாட்டிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், இவருடையதைத் திறக்கும்போது ஒன்றும் இருக்கக் கூடாது என்று ஜெபித்தேன். இது என்ன தராசு?

யாத்திராகமம் 18:21. தேவனுக்குப் பயந்தவர்கள், உண்மையுள்ளவர்கள், பொருளாசையை வெறுக்கிறவர்கள், திறமையுள்ளவர்கள். தேர்தல் காலத்தில் எல்லாப் பிரசங்கத்திலும் வரும் வசனம். சொன்னது யார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எத்திரோ, மீதியானின் ஆசாரியன். தலைவனுக்கு இருக்கவேண்டிய லட்சணத்தை வெளியாள் ஒருவர் சொல்லி, மோசே அதைக் கேட்டிருக்கிறார். அந்தப் பட்டியலில் 'நம்ம கோத்திரத்தான்' என்று ஒரு தகுதி இல்லை.

மார்ச் 29, பெரிய வெள்ளி

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிக்கும் ஆராதனை. வெயில். மூன்றாம் வார்த்தைக்குப் பேச வந்தவர், இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான குற்றவாளி பரபாசைப் பிடித்துக்கொண்டார். ஜனங்களிடம் கேட்டால் இப்படித்தான், கூட்டம் எப்போதும் பரபாசைத்தான் கேட்கும், ஜனநாயகம் இயேசுவைச் சிலுவையில் அறைந்தது என்றெல்லாம் போனது. எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. மத்தேயு 27:20 அவருடைய வேதாகமத்தில் இல்லையா? பிரதான ஆசாரியரும் மூப்பரும் ஜனங்களை ஏவிவிட்டார்கள் என்று இருக்கிறது. கூட்டம் தானாகக் கேட்கவில்லை, மேடையில் இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டது.

எங்கள் போதகர் ஐயரும் சபை மூப்பர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். கமிட்டி அண்ணாச்சி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 1

ஈஸ்டர் முடிந்தது. அப்பாவுக்கு வீட்டிலேயே நற்கருணை கொடுத்தார்கள். ஐயர் கிளம்பும்போது, "ஐயா, எலெக்‌ஷனுக்கும் ஜெபிச்சுக்குங்க" என்றார். அப்பா, "ஜெபிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 3, புதன்

நியாயாதிபதிகள் 9. யோதாமின் மரக்கதைக்காகத்தான் திறந்தேன். மரங்கள் ராஜாவைத் தேடிப் போகின்றன. ஒலிவமரம் என் எண்ணெயை விட்டு வரமாட்டேன் என்கிறது, அத்தி என் இனிப்பை விடமாட்டேன் என்கிறது, திராட்சச்செடியும் கையை விரிக்கிறது. கடைசியில் முட்செடி வந்து என் நிழலில் அடைக்கலம் புகுங்கள் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்! நல்லவர்கள் ஒதுங்கினால் கெட்டவன் வருவான் என்று இதற்கு அர்த்தம் சொல்வார்கள். சரிதான்.

ஆனால் இன்று என்னைப் பிடித்துக்கொண்டது அதற்கு முன்னால் வரும் பகுதி. கிதியோனின் மகன் அபிமெலேக்கு தன் தாயின் ஊரான சீகேமுக்குப் போய், தாய்மாமன்மார் மூலமாகப் பேச்சுவிடுகிறான். எழுபது பேர் ஆளுவது நல்லதா, ஒருவன் ஆளுவது நல்லதா? நான் உங்கள் எலும்பும் மாம்சமும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்களின் மனம் சாய்கிறது. காரணத்தையும் வசனமே சொல்லிவிடுகிறது: நம்முடைய சகோதரன் என்றார்கள். அவன் யோக்கியனா, முன்பு என்ன செய்தான், யாரும் கேட்கவில்லை. அடுத்த வசனத்தில் பணம் வருகிறது. எழுபது வெள்ளிக்காசு, அதுவும் பாகால்பேரீத்தின் கோவிலிலிருந்து. அதை வைத்து வீணரையும் போக்கிரிகளையும் கூலிக்குப் பிடிக்கிறான். சகோதரர் எழுபது பேரும் ஒரே கல்லின்மேல் கொலை; யோதாம் மட்டும் ஒளிந்து தப்பினான்.

ரத்த பாசம், கோவில் பணம், கூலிக்கு ஆள். சொல்லிவைத்த மாதிரி வரிசையாக வருகிறது. இத்தனை வருஷம் வாசித்தும் கண்ணில் படாமல் போனது எப்படி? சகோதரன் என்ற அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மனசு இளகிவிடுகிறது, அதனால்தானோ? எனக்கே இளகியதே, அந்தப் பத்திரம் படித்த ராத்திரி.

முடிவும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. எந்த ஊர் அவனை ராஜாவாக்கியதோ அதே சீகேமை இடித்து உப்பு விதைத்தான்.

ஏப்ரல் 5

மூச்சிரைப்பு. இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கினார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தம்பி போன் செய்தான். அவன் இருக்கிற ஊரிலிருந்து வந்து போட வழியில்லை, பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறது, அந்தக் கோபம் முழுவதும் என்மேல். "நீ ரொம்ப நியாயம் பேசுற அக்கா. நமக்கு பயம் இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு ஆறு பேர். வேறு மாநிலங்களில் ஜெபக்கூட்டத்துக்குள் ஆள் புகுந்து அடிப்பதைச் செய்தியில் பார்க்கிறோம். யார் ஆண்டால் நம் பிள்ளைகள் பயமில்லாமல் கும்பிடலாம் என்று கணக்குப் பார்ப்பது பாவமில்லை. பார்க்கத்தான் வேண்டும். அதை மட்டுமே பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு உறுத்துகிறது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலம் தானாகப் பேச ஆரம்பித்தார். 1946-இல் தாத்தா ஓட்டுப் போடப் போனது அவருக்கு நினைவிருக்கிறதாம். கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி, 1935 சட்டத்திலும் இருந்தது. கிறிஸ்தவரே நிற்க வேண்டும், கிறிஸ்தவரே போட வேண்டும். பேராயர் அசரியா அது வேண்டாம் என்றவர். வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல்லுக்குப் பேராயராகப் போனவர் அவர். பின்னால் அரசியல் நிர்ணய சபையில் மதச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கிய இடங்களையும் 1949-இல் விட்டுக்கொடுத்தார்கள். அங்கே துணைத் தலைவராக இருந்த எச். சி. முகர்ஜி கிறிஸ்தவர். "பயம் அப்ப இல்லையா? பிரிவினை முடிஞ்ச கையோட செஞ்சாங்க" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன்.

இவர்தான் ஒரு காலத்தில் சபைச் செயலராக இருந்து இன்ன சின்னத்துக்கு என்று தெருவுக்கே சொன்னவர். அதைக் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

நம்மாள் என்கிறார்களே, அதற்குள் யார் யார் சேர்த்தி? 1950 ஆணையால் பட்டியல் சாதிச் சலுகை இழந்த தலித் கிறிஸ்தவர்கள் நம் சபையில் கடைசி பெஞ்சுகளில் இருக்கிறார்கள். சீக்கியர்களுக்கு 1956-இல் கிடைத்தது, பௌத்தர்களுக்கு 1990-இல். இவர்களுக்கு இன்னும் இல்லை. நம்மாளின் நோட்டீஸில் அதைப் பற்றி ஒரு வரி தேடினேன். கல்லறைத் தோட்டச் சுற்றுச்சுவர் இருக்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

வந்தார்கள். இரண்டு அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்கிற பையன். அம்மா காலையிலேயே கட்டில் விரிப்பை மாற்றிவிட்டாள். அலுவலர் சத்தமாக, நிதானமாக விளக்கினார்: சீட்டில் குறி போட்டு இந்தச் சின்ன கவரில், அதையும் உறுதிமொழித் தாளையும் பெரிய கவரில். துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டபோது நான் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டேன். அப்பா, "வேண்டாம், கண்ணு தெரியுது" என்றார்.

அட்டையில் மடித்த ஒரு மறைப்பைப் போர்வைமேல் நிறுத்தினார்கள். எல்லோரும் நிலைக்கு இந்தப் பக்கம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் முழங்கை. பேனா தாளைத் தொட்டு நிற்கிறது, நகர்கிறது, மறுபடி நிற்கிறது. ஒவ்வொரு பெயராகப் படிக்கிறார், உதடு அசைகிறது. வீடியோ பையன்கூடக் காலை மாற்றி மாற்றி நின்றான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அரசாங்கம் நம் வீட்டுக்குள் வந்து இத்தனை மரியாதையாக நின்றதை இதற்குமுன் பார்த்ததில்லை.

கோந்தை அவரே தடவினார். பெட்டியில் போட்டதும் படுத்துவிட்டார்.

1957-இல் முதல் ஓட்டு போட்டபோது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டியாம், சின்னம் ஒட்டி. பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்தால் போதுமாம். இரவு அதைச் சொன்னார். இன்று யாருக்கு என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 10

யாருக்குப் போட்டிருப்பார்?

ஏப்ரல் 14, ஞாயிறு

நான் கோவிலிலிருந்து வருவதற்குள் கவர் வந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தாள் அம்மா. இரண்டு ஓட்டுக்கு. அப்பாவுடையது ஏற்கனவே போய்விட்டது என்பதை எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறார்கள். கொடுத்தது என்னிடம் ஞாயிறு பள்ளி படித்த பையன்.

"வாங்குனா என்ன? போடுறது நம்ம இஷ்டந்தானே."

"வாங்குறதும் குத்தம்மா. ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்."

"இந்த வயசுல என்னைப் பிடிச்சுட்டுப் போவானா?"

பரிதானம், அதாவது லஞ்சம், பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்று யாத்திராகமம் 23:8-ஐ எடுத்துச் சொன்னேன். "அப்ப காணிக்கைப் பெட்டியில போட்டுருவோம்" என்றாள். யூதாஸ் எறிந்துவிட்டுப் போன காசைக் காணிக்கைப்பெட்டியில் போடலாகாது என்று அந்த ஆசாரியர்களே சொன்னார்களே அம்மா! அவர்களுக்கு இருந்த கூச்சம்கூட நமக்கு வேண்டாமா?

கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

ஏப்ரல் 15

பையனைக் கூப்பிட்டுக் கவரை நீட்டினேன். "டீச்சர், லிஸ்ட்ல டிக் போட்டாச்சு. திருப்பி வாங்கினா நான் எடுத்துக்கிட்டேன்னு நினைப்பாங்க." கிட்டத்தட்ட அழுதுவிட்டான். கவர் மறுபடி ஃப்ரிட்ஜ் மேல்.

தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் கொடுத்தால் 100 நிமிஷத்தில் நடவடிக்கையாம். பிடிபடுவது இவனாகத்தான் இருக்கும். இவன் கையில் கொடுத்தவன் அல்ல.

ஏப்ரல் 17, புதன்

மாலை ஆறு மணி. ஒலிபெருக்கி நின்றது. காது வலித்தது இப்போதுதான் தெரிகிறது.

ஏப்ரல் 18, இரவு

நோட்டா போட்டுவிடலாமா என்று இன்றும் தோன்றியது. 2013-லிருந்து இருக்கிறது அந்தப் பொத்தான். நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்து நிற்பவர் ஜெயித்துவிடுவார், அதனால் யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஒலிவமரம் சொன்ன பதில் மாதிரி இருக்கிறது, என் எண்ணெய் எனக்கு. வேண்டாம்.

பரிசுத்தவானைத் தேடுவதை விட்டுவிட்டு மறுபடி பட்டியலைப் பார்த்தேன். கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு, பக்கத்துத் தெரு பாய் வீட்டுக்கு, எதிர்வீட்டு லட்சுமி அக்காவுக்கு யாரால் கொஞ்சம் குறைவாகக் கெடுதல் வரும்? சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எரேமியா எழுதினார். அந்தப் பட்டணம் பாபிலோன், நம்மாட்கள் ஊர் இல்லை.

இருவரில் ஒருவர் என்று வந்து நிற்கிறது. இருவருமே நம்மாள் இல்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

ஏழு மணிக்கே வரிசை. அம்மாவைச் சக்கர நாற்காலியில் முன்னால் விட்டார்கள். இடது ஆள்காட்டி விரலில் மை. பொத்தானை அழுத்தியபின், யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபேட் இயந்திரக் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு நொடி நிற்கிறது, பிறகு வெட்டுப்பட்டு விழுகிறது. அந்த ஏழு நொடியும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் கமிட்டி அண்ணாச்சி. "நம்மாளுக்குத்தானே?" சிரித்துவைத்தேன். அம்மா குறுக்கே, "அதையெல்லாம் கேக்கக் கூடாது அண்ணாச்சி" என்றாள். இவளா!

ஏப்ரல் 20

ஃப்ரிட்ஜ் மேல் கவர் இல்லை. அம்மா வாய் திறக்கவில்லை.

மே 6

ஆக்சிஜன் மிஷின் வாடகைக்கு. இன்னும் எண்ணவில்லையா என்று தினமும் கேட்கிறார்.

மே 19

பெந்தெகொஸ்தே. கவர் எங்கே போனது என்று இன்றும் கேட்டேன். "கேக்காத" என்றாள்.

ஜூன் 3, திங்கள்

நாளை காலை எட்டு மணிக்கு ஓட்டு எண்ணிக்கை. அப்பா போட்டது மாதிரியான தபால் ஓட்டைத்தான் முதலில் எண்ணுவார்களாம். அப்பாவுக்கு அதைச் சொன்னதிலிருந்து டிவியைத் தன் கட்டில் பக்கம் திருப்பி வைக்கச் சொல்கிறார். கேபிள் வயர் அந்த அறை வரை எட்டவில்லை. ஆள் வருகிறேன் என்றிருக்கிறான், மணி ஒன்பதாகிறது, போனை எடுக்கமாட்டேன் என்கிறான்.