40 கிராம் தங்கம்

1971 ஒக்டோபர் கடைசியில் ஒரு நாள், வரலாறு சேர் கையில் பேப்பரோடு வகுப்புக்குள் வந்தார். ஐ.நா.வில் சீனாவின் ஆசனம், உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்குப் போன சியாங் காய் ஷேக்கின் அரசிடமிருந்து பெய்ஜிங்குக்குப் போய்விட்டதாம்.

"சியாங் காய் ஷேக் ஏன் தோத்தவர்?"

"மாவோவின்ரை கெரில்லாப் படை, சேர்" என்றான் முன்வாங்கு நண்பன்.

"போய் உன்ரை கொப்பரைக் கேள். போன வருஷம் நூறு ரூபாத் தாளோடை வங்கி வாசலிலை நிண்டவரோ எண்டு."

50, 100 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று இலங்கை அரசு 1970இல் அறிவித்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. சரி, அதற்கும் சீனாவுக்கும் என்ன சம்பந்தம்? சேர் சொல்லத் தொடங்கினார்.

1945இல் ஜப்பான் சரணடைந்தபோது படைபலமும் அமெரிக்க உதவியும் சியாங்கின் கோமிண்டாங் கட்சிப் பக்கம்தான் இருந்தன. ஆனால் போர்ச் செலவுக்காகத் தாள் அச்சடித்தே பணத்தின் பெறுமதியைக் கரைத்துவிட்டார்கள். 1948 ஓகஸ்டில் பழைய பணம் 30 லட்சத்துக்கு ஒரு 'தங்க யுவான்' என்று புதுத்தாள் வந்தது. வீட்டிலுள்ள தங்கம், வெள்ளி, டொலர் எல்லாவற்றையும் அரசிடம் கொடுத்து அதை வாங்க வேண்டும். ஷங்காயில் இதை நடத்த வந்தவர் சியாங்கின் மகன் சிங்குவோ. பதுக்கல்காரரைப் பிடித்து உள்ளே போட்டார். சியாங்கின் மனைவியுடைய அக்கா மகனின் கம்பனியில் கைவைத்தபோதோ மேலிடம் தடுத்துவிட்டது. நவம்பரில் சிங்குவோ பதவி விலகினார். புதுத்தாளும் பழையதன் வழியே போனது.

"சொல்லுக் கேட்டுத் தங்கத்தைக் குடுத்தவன்தான் அழிஞ்சான். பதுக்கினவன் தப்பிவிட்டான்" என்றார் சேர்.

கோமிண்டாங் படை தோற்ற ஹுவாய்ஹாய்ப் போர், 1949 ஏப்ரலில் தலைநகர் நாஞ்சிங் விழுந்தது, டிசம்பரில் சியாங் தைவானுக்குப் பறந்தது எல்லாம் பத்தே நிமிடத்தில் முடிந்தன. இப்போது யோசித்தால் சேர் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். சியாங் நல்ல படைகளை வடகிழக்கே மஞ்சூரியாவில் கொண்டுபோய் மாட்டவிட்டதை அவ்வளவு லேசாக விட்டிருக்கக் கூடாது. பரீட்சையில் அந்தக் கேள்வியே வரவில்லை, அது வேறு கதை.

ஊரை விட்டு வந்து பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு கண்காட்சியில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெஸோன் எடுத்த படம் ஒன்றின் முன் நின்றேன். 1948 டிசம்பர், ஷங்காய். ஆளுக்கு 40 கிராம் தங்கம் விற்கிறார்கள் என்று வங்கி வாசலில் சனம் ஒருவரையொருவர் இறுகப் பிடித்தபடி நெரிபடுகிறது. அன்றைய நெரிசலில் உயிர்களும் போயின.

முன்வாங்கு நண்பன் இப்போது கனடாவில். படத்தை அவனுக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது:

"அப்பா அண்டைக்கு வரிசையிலை நிண்டவர்தான், மச்சான். சேரிட்டைச் சொல்ல வெக்கமாய் இருந்தது."