தகரத்தில சீமெந்து நிக்காது

இண்டைக்குப் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுக் கூரை. ஆணி அடிச்ச இடமெல்லாம் சீமெந்து அப்பிக் கிடக்கு. ஒவ்வொண்டையும் சுத்தி மயிரளவு வெடிப்பு.

தகரம் வெயிலுக்கு விரியும், இரவில சுருங்கும். சீமெந்து அதோட சேந்து அசையாது. அந்த வெடிப்புக்குள்ளாலதான் தண்ணி இறங்குது. ஈரம் உள்ளுக்கு நிண்டு துருவும் கூடுது.

ஒழுகிற ஆணியைக் கழட்டுங்கோ. அதே ஓட்டையில ஒரு சைஸ் தடிப்பான, றப்பர் வொசர் போட்ட கூரை ஸ்குரூவைப் பூட்டுங்கோ. வொசர் தகரத்தில பதிஞ்சு லேசா விரிஞ்சால் போதும். அதுக்கு மேல முறுக்கினால் றப்பர் பிதுங்கி வெடிச்சுப் போகும், பிறகு திரும்பவும் ஒழுக்குத்தான்.

புதுசா அடிக்கிறதெண்டால் எப்பவும் தகரத்தின்ர மேட்டில. பள்ளம் தண்ணி ஓடுற வழி.

ஸ்குரூ இறுகாமல் சும்மா சுத்திக்கொண்டே இருந்தால் கீழ சிலாகை, அதாவது தகரத்தைத் தாங்கிற குறுக்கு மரம், உக்கியிருக்கும். முதல்ல மரத்தை மாத்துங்கோ.

சின்னத் துரு ஓட்டைக்கு வயர் பிரஸ்ஸால வெறும் தகரம் தெரியுமட்டும் தேச்சு, நல்லாக் காஞ்ச பிறகு சிலிக்கன் பசை பூசுங்கோ. ஈரத்தில பூசினால் உரிஞ்சு வந்திடும்.

காலை வைக்கிறது ஸ்குரூ வரிசையில மட்டும், அதுக்குக் கீழதான் சிலாகை. அஸ்பெஸ்ரஸ் சீற் எண்டால் தயவுசெய்து மேல ஏறவே வேண்டாம், உடைஞ்சு விழுத்திப்போடும்.

ஐப்பசி மழைக்கு முன்னம் முடிச்சு, கீழ் விளிம்பில துவங்கி மேல்நோக்கித் தண்ணி ஊத்திப் பாருங்கோ. அந்த நேரம் உள்ளுக்கு ஒராள் நிண்டு பாக்கோணும்.