'இல்லை' என்று எழுதிய கட்டம்

வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள், மதியம் இரண்டரை மணிக்குமேல், தேர்தல் நடத்தும் அலுவலர் அறையில் மூச்சுவிட நேரம் இருக்காது. மூன்று மணிக்கு மனு வாங்குவதை நிறுத்தியாக வேண்டும். அப்படியொரு மதியத்தில்தான் ஒரு வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் என் மேசைக்கு வந்தது. நான் துணை வட்டாட்சியர். வேட்பாளர் தன் சொத்தையும் வழக்குகளையும் சொல்லும் படிவம் 26-இல் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இருக்கிறதா, நோட்டரி முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்து டிக் அடிப்பது என் வேலை.

விவசாய நிலம், மனைவி பெயரில்: 'இல்லை.'

என் பேனா அங்கே நின்றுவிட்டது. அந்த அம்மாள் பெயரில் நாலு ஏக்கர் இருபது சென்ட் தென்னந்தோப்பு உண்டு. கிணறும் மின் இணைப்பும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், சில கிராமங்கள் சேர்ந்த அந்தப் பிர்க்காவில் நான் வருவாய் ஆய்வாளர். பயிர்க் கணக்கான அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தோப்புக்குள் நடந்து, பயிர் விவரம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன். உடனே பட்டா நகலை எடுத்துப் பார்த்தேன். பெயர் மாறவில்லை.

தேர்தல் நடத்தும் அலுவலரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கட்டம் காலியா இருந்தா நம்ம கேட்கலாம். 'இல்லை'ன்னு எழுதியிருக்காரே. அது பொய்யான்னு விசாரிக்க நமக்கு அதிகாரம் கிடையாது" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. கட்டங்களைக் காலியாக விட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிரப்பியது உண்மையா என்று பரிசீலனை மேசையில் யாரும் பார்ப்பதில்லை. பத்திரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், இணையத்தில் ஏறும். யாராவது எதிர்ப் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அதுவும் பக்கத்தில் ஒட்டப்படும். நான் டிக் அடித்தேன்.

அன்று இரவு எனக்கு அந்தத் தோப்பின் வேலியோரக் குடிசைப் பாட்டி ஞாபகம் வந்தது. முதியோர் உதவித்தொகை கேட்டு மனுக் கொடுத்திருந்தார். விசாரணைக்குப் போனவன் நான். மகன் சோறு போடுகிறானா, ரேஷன் அட்டையில் யார் யார் பெயர், ஆடு மாடு உண்டா என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். ஆடு கிடையாது என்றார். எழுதிக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் காலை பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் செருப்பு, கால் முழுக்கப் புழுதி. "ஏனுங்கய்யா, ஒரு குட்டி இருக்குதுங்க. பேத்தி வளர்க்கிறா. நேத்து பயத்துல இல்லேன்னுட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்க. பணம் வராட்டிப் போகுது, அதைச் சேர்த்து எழுதிக்குங்க."

அந்தப் பாட்டியின் ஒரு ஆட்டுக்குட்டியைக் கணக்கெடுக்க கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று மூன்று பேரை அரசாங்கம் வைத்திருக்கிறது. நாளைக்குச் சட்டம் இயற்றப்போகிறவரின் நாலு ஏக்கரைச் சரிபார்க்க ஒருவர்கூட இல்லை. என் இருபத்தெட்டு வருட வேலையில் என்னை இந்த அளவுக்குச் சுட்டது வேறெதுவும் இல்லை.

வேட்பாளர் தன் சொத்தையும் வழக்குகளையும் சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்பதே எளிதில் வந்ததல்ல. வாக்காளருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மட்டுப்படுத்த நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கட்சி பேதமில்லாமல் அதற்கு ஆதரவு இருந்தது. 2003-இல் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக நின்றார்கள்.

பொய் சொன்னால் என்ன ஆகும்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தண்டனை கிடைத்தாலும் அதனாலேயே பதவி போகாது. குறைந்தது இரண்டு ஆண்டாக்கி, தகுதி நீக்கமும் சேர்க்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2014-இல் பரிந்துரைத்தது. இதுவரை சட்டம் ஆகவில்லை. இன்னொரு வழி தேர்தல் வழக்கு. முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். 2019-இல் தேனியில் வென்ற ப. ரவீந்திரநாத்தின் வெற்றி, சொத்து விவரங்களை மறைத்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 2023 ஜூலை. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அவர் பதவிக்காலம் முழுக்க உறுப்பினராகவே இருந்தார். யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். தீர்ப்புக்கே நாலு வருடம் என்றால் வாக்களித்தவனுக்கு அதனால் என்ன பயன்?

அருணாச்சலப் பிரதேசத்தின் தேஜு தொகுதி வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் வேறொன்று சொன்னது. வேட்பாளர் தன்னிடமுள்ள ஒவ்வொரு அசையும் பொருளையும் சொல்லத் தேவையில்லை, வாக்காளர் முடிவைப் பாதிக்கிற அளவுக்குப் பெரியதாக இருந்தால்தான் குற்றம் என்றது. ஒரு ஸ்கூட்டர், ஒரு வேன், ஒரு மோட்டார் சைக்கிள் பற்றிய வழக்கு அது. விற்ற வண்டி ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் மாறாமல் கிடப்பதை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தீர்ப்பில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தென்னந்தோப்பு மறந்துபோகிற பொருள் அல்ல.

'இல்லை' என்று எழுதிய அந்த வேட்பாளர் ஜெயித்தார். அடுத்த வருடம் நலத்திட்ட விழாவில், உதவித்தொகை ஆணைகளை அடுக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன். மைக்கில் பேசினார்: "பொய்த் தகவல் குடுத்து அரசாங்கப் பணத்தை வாங்குறவங்களைச் சும்மா விடக்கூடாது. அதிகாரிகள் வீடு வீடாப் போயி விசாரிக்கணும்." கூட்டம் கைதட்டியது. என் கையிலிருந்த ஆணைகள் நடுங்கின. முன்வரிசையில் அந்தப் பாட்டி போலவே பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் அன்று வாய் திறக்கவில்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகள், மகளின் கல்லூரி, இடமாற்றப் பயம், எல்லாம் இருந்தது. யார் வேண்டுமானாலும் 125ஏ புகாரை நேராக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போனேன். ஆறு மாதத் தண்டனையுள்ள குற்றத்துக்குப் பொதுவாக ஓராண்டுதான் கெடு என்றார். கெடு எப்போதோ முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து, இணையத்தில் பட்டா பார்க்கும் பக்கத்தைத் திறந்து, மனப்பாடமாக இருந்த அந்த சர்வே எண்ணைத் தட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதே நாலு ஏக்கர் இருபது சென்ட், அதே பெயர்.